முனை பட்டுவிட்டது, சிஸ்டர்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. வயிற்றின் வழியாகச் செய்யும் பெரிடோனியல் டயாலிசிஸ். சுருக்கமாக பி.டி. என்போம். 14 ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறேன். பயிற்சிக்கு வந்து உட்காரும்போது பாதிப் பேருக்குக் கை நடுங்கும். "நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. என் வயிற்றுக்குள் நானே எப்படி..." என்று கேள்வியை முடிக்காமலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரத்தில் அதே கை நிதானமாகத் திரவப் பையை இணைப்பதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

புதிதாகப் பயிற்சி தரத் தொடங்கும் செவிலியர்களையும், இந்தச் சிகிச்சையை வீட்டில் ஆரம்பிக்கப்போகும் குடும்பங்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் தெரிந்துகொண்டவற்றில் பல, தவறு செய்துதான் தெரிந்துகொண்டவை. அதில் பெரிய தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு. ஐம்பதைக் கடந்த ஒருவர் பயிற்சிக்கு வந்தார். கணக்கு எழுதும் வேலை பார்த்தவர், எதிலும் ஒழுங்கு. மூன்றாம் நாள், இணைப்புக் குழாயின் முனை அவருடைய விரலில் பட்டுவிட்டது. நான் குரலை உயர்த்தினேன். "இப்படிச் செய்தால் வயிற்றுக்குள் கிருமி போகும், உயிருக்கே ஆபத்து, தெரியுமா?" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அதன்பின் பயிற்சி முடியும்வரை ஒரு தவறும் செய்யவில்லை. நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வடித்த திரவம் சோப்புத் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. பெரிடோனைட்டிஸ், அதாவது வயிற்று உறையில் தொற்று. மூன்று வாரம் ஆன்டிபயாட்டிக் போட்டோம், பிழைத்துக்கொண்டார், திரவம் போய்வர வயிற்றில் பொருத்தியிருந்த குழாயும் தப்பியது. தேறி வந்த பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். வலி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, முனை சட்டைக் கையில் உரசிவிட்டதாம். அப்படியே இணைத்துவிட்டாராம். "ஏன் எனக்கு போன் செய்யவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன், சிஸ்டர்."

உரசியவுடன் அவர் கூப்பிட்டிருந்தால் இது சின்ன வேலை. குழாயை அடைக்கும் கிளாம்பை மூடச் சொல்லி, உடனே வரவழைத்து, வயிற்றுக் குழாயோடு சேர்ந்திருக்கும் வெளிக்குழாயை மாற்றியிருப்போம். திரவம் உள்ளே போயிருந்தால் முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்போம். அந்த போன் அழைப்பைத் தடுத்தது நான்தான். அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது தவறு செய்யாமல் இருப்பதை அல்ல, தவறை மறைப்பதை.

அதற்குப் பிறகு என் முதல் நாள் பாடம் மாறிவிட்டது. பொம்மை வயிறு கட்டிய ஏப்ரனை மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க நானே பை மாற்றுகிறேன். நடுவில் வேண்டுமென்றே முனையை விரலால் தொடுவேன். "முனை பட்டுவிட்டது" என்று சத்தமாகச் சொல்வேன். கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன், புது மூடி போடுவேன், போனை எடுப்பேன். அப்புறம் பயிற்சிக்கு வந்தவரும் இதையே செய்ய வேண்டும். நடிப்புக்கு அல்ல. அவருடைய சொந்த போனிலிருந்து எங்கள் பிரிவின் எண்ணுக்கு உண்மையாகவே அழைத்து, "முனை பட்டுவிட்டது, சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். மறுமுனையில் எடுப்பவர் "சொன்னது நல்லதாப் போச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை எங்கள் பிரிவில் எல்லாரும் மனப்பாடமாகவே வைத்திருக்கிறோம்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், ஒரு சின்னக் கணக்கு. கையால் பை மாற்றும் முறையில் வழக்கமாக ஒரு நாளைக்கு 4 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2 லிட்டர். ஆண்டுக்கு 1,460 முறை இணைத்துப் பிரிக்க வேண்டும். தூக்கம் வரும் இரவிலும், காய்ச்சல் அடிக்கும் நாளிலும், வீட்டில் சண்டை நடந்த மாலையிலும் அந்தக் கைகள்தான். 1,460 முறையில் ஒருமுறைகூட முனை படாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. படும். பட்டவுடன் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சரி, பயிற்சிக்கு வருகிறேன்.

முதல் நாள் பையை யார் கையிலும் கொடுப்பதில்லை. பேசுவதுதான் வேலை. இந்த நோய் எப்படி வந்தது என்று நினைக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கண் பார்வை எப்படி, விரல்களில் மரத்துப்போன உணர்ச்சி இருக்கிறதா, எழுதப் படிக்க வருமா என்று கேட்கிறேன். பாதிப் பேருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன அதிர்ச்சியே இன்னும் அடங்கியிருக்காது. இரத்தத்தில் யூரியா ஏறியிருக்கும்போது மனம் ஒரு விஷயத்தில் நிற்காது. அந்த நிலையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசினால் அது என் திருப்திக்குத்தான். 20 நிமிடம் பேசி, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி 20 நிமிடம் என்று போனால் நிற்கிறது.

வயிறு என்ற சொல்லே நம் மொழியில் ஒரு குழப்பம். சோறு போகும் இரைப்பையும் வயிறுதான், தொப்புளைச் சுற்றியுள்ள பகுதி முழுக்கவும் வயிறுதான். "வயிற்றுக்குள் 2 லிட்டர் விடுவோம்" என்றதும், "சாப்பாட்டோடு கலந்துவிடாதா? வாந்தி வராதா?" என்று கேட்பவர்கள் ஏராளம். கேட்பவர்களைவிடக் கேட்காமல் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். அதனால் முதலில் ஒரு படம் வரைகிறேன். குடலுக்கு வெளியே, வயிற்றுச் சுவருக்கு உள்ளே ஓர் இடைவெளி. அதைச் சுற்றி மெல்லிய உறை. அந்த உறைதான் பெரிடோனியம். முழுக்க விரித்தால் ஏறக்குறைய நம் உடம்புத் தோலின் பரப்பு வரும். அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சர்க்கரை கலந்த திரவத்தை அந்த இடைவெளியில் விட்டால், இரத்தத்திலுள்ள கழிவுகள் உறையைக் கடந்து திரவத்துக்கு வருகின்றன, சர்க்கரை அதிகப்படி நீரை இழுக்கிறது. நாலைந்து மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுத் திரவம் விட வேண்டும். இரவில் விட்டது காலைவரை உள்ளேயே இருக்கும். வடிப்பது, நிரப்புவது எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு அரை மணி நேரம், சற்றுக் கூடக் குறைய. இரவு முழுக்க இயந்திரமே செய்கிற முறையும் உண்டு. ஆனால் மின்சாரம் போனாலோ இயந்திரம் பழுதானாலோ கையால் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எல்லாருக்கும் கைமுறையைத்தான் முதலில் சொல்லித் தருகிறோம்.

"ஆஸ்பத்திரி இயந்திரத்தில் செய்வதைவிட இது மட்டமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும், பெரும்பாலும் உறவினர்களிடமிருந்து. ஹாங்காங்கில் 1985 முதல் அரசு மருத்துவமனைகளில் இதைத்தான் முதல் சிகிச்சையாகக் கொடுக்கிறார்கள் என்று சொல்வேன். மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாடு இதில் மெதுவாகத்தான் குறைகிறது என்பதையும் சொல்வேன். எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்து உள்ளே ஒட்டிப்போனவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம். தனியாக இருந்து, பார்வையும் கையும் முற்றிலும் ஒத்துழைக்காதவர்களுக்கு உதவிக்கு ஆள் வேண்டும். இதை மறைத்துப் பயிற்சியில் சேர்த்துவிட்டால் பின்னால் அவர்கள்தான் சிரமப்படுவார்கள்.

இரண்டாம் நாள் கை கழுவுவது. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நானும் முன்பெல்லாம் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவேன். இப்போது அரை நாள் எடுத்துக்கொள்கிறேன். உலக சுகாதார அமைப்பு சொல்லும் நேரம், சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடிகள். அது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால்தான் புரியும். விரல் நுனி, கட்டைவிரல், நகத்தின் அடி, இந்த மூன்றையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைவிட அதிகம் விடுபடுவது துடைப்பது. ஈரக் கையிலிருந்து கிருமி எளிதாக ஒட்டிப் பரவும். கழுவிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்து பையைத் தொட்டால் கழுவியதன் பலன் பாதி போய்விடும். புதுத் துண்டாலோ ஒருமுறை பயன்படுத்தும் காகிதத்தாலோ முழுக்கத் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு போன் அடித்தாலோ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாலோ மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு சொல்லிலும் எனக்குச் சிக்கல் வந்தது. சுத்தம். முனை கீழே பட்டபோது ஓர் அம்மா அதைத் துவைத்த துண்டால் அழகாகத் துடைத்துவிட்டு இணைக்கப் போனார். "சுத்தமான துண்டுதானே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. "எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும்" என்றுதான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து இரண்டு சொற்களைப் பிரித்தே பேசுகிறேன். துண்டு, மேசை, கழுவிய கை, இவையெல்லாம் 'சுத்தம்'. முனையும் மூடியின் உட்புறமும் மட்டும் 'கிருமியே இல்லாதவை'. கழுவிய கையானாலும் அந்த முனையைத் தொடக் கூடாது. சுத்தமானது கிருமியில்லாததைத் தொட்டால் கிருமியில்லாதது போச்சு. இதை எத்தனை விதமாகக் கேட்க முடியுமோ அத்தனை விதமாகக் கேட்டுப் பார்ப்பேன். மூடி கீழே விழுந்தால்? தூக்கிப் போட வேண்டும். பழைய மூடியையே திரும்பப் போடலாமா? கூடாது, ஒவ்வொரு முறையும் புதுசு.

மூன்றாம் நாளிலிருந்துதான் பை. இங்கே நான் கண்டது ஒன்று: படிகளை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, படிகள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்று சொன்னால் ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. 1970களின் நடுவில் பாப்போவிச், மோன்கிரீஃப் என்ற இருவர் அமெரிக்காவில் இந்த முறையை உருவாக்கியபோது திரவம் கண்ணாடிப் புட்டிகளில்தான் இருந்தது. அடிக்கடி தொற்று வந்தது. பிறகு கனடாவின் டொரொன்டோவில் ஒரியோபவுலோஸ் என்ற மருத்துவர் நெகிழிப் பைகளைக் கொண்டுவந்தார். அதற்கும் பிறகு இத்தாலியில் வந்த ஒரு மாற்றம்தான் தொற்றைப் பெரிதும் குறைத்தது. 'ஒய்' வடிவக் குழாய். இணைத்தவுடன் புதுத் திரவத்தை உள்ளே விடாமல், முதலில் உள்ளே இருப்பதை வெளியே வடிப்பது. இணைக்கும்போது முனையில் ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த ஓட்டம் அதைக் கழிவுப் பைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் வயிற்றுப் பக்கத்தை மூடிவிட்டு, புதுப் பையிலிருந்து கொஞ்சம் திரவத்தை நேரே கழிவுப் பைக்கு ஓடவிட்டு ஐந்துவரை எண்ணுகிறோம். குழாயில் இருக்கும் காற்றும் போய்விடும். அதன் பிறகே நிரப்புவது.

இந்தக் கதையைச் சொல்லாத காலத்தில், அந்த ஐந்து எண்ணும் படியைத்தான் மக்கள் முதலில் விட்டுவிடுவார்கள். திரவம் வீணாகப் போகிறதே என்று தோன்றும். விட்டால் வரும் ஒரு தொல்லை தோள்பட்டை வலி. குழாயிலிருந்த காற்று வயிற்றுக்குள் போய் உதரவிதானத்துக்குக் கீழே நிற்கும், வலி தோளில் தெரியும். மாரடைப்போ என்று பயந்து ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடி வந்ததில் தவறில்லை. நெஞ்சு, தோள் வலியைத் தானே முடிவுகட்டாமல் காட்டிவிடுவதே நல்லது.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி எங்களிடம் வந்தார். கூட வந்தவர்களே "இவருக்கு எப்படி வரும்?" என்றார்கள். எனக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அவருடைய கையையே படம் எடுத்து, படிப்படியாகச் சுவரில் ஒட்டும்படி ஓர் அட்டை செய்து கொடுத்தோம். திரவத்தின் வீரியத்தை, அதாவது அதிலுள்ள சர்க்கரையின் அளவை, நிறத்தால் பழக்கினோம். நாங்கள் பயன்படுத்தும் பைகளில் 1.5 சதவீதம் மஞ்சள், 2.5 பச்சை, 4.25 சிவப்பு. நீங்கள் வாங்கும் பையில் நிறம் வேறாக இருக்கலாம் என்பதால் அவரவர் பையைப் பார்த்துத்தான் பழக வேண்டும். ஒவ்வொரு படியையும் பாட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார். "மூடினேன், பார்த்தேன். திறந்தேன், பார்த்தேன்." எட்டாவது நாள் நான் வேண்டுமென்றே காலாவதியான பையை மற்றப் பைகளோடு கலந்து வைத்தேன். தேதி படிக்கத் தெரியாதவர், வந்த பெட்டிகளில் பேரன் போட்டுக் கொடுத்திருந்த குறியைத் தேடினார். குறி இல்லாததால் ஒதுக்கி வைத்துவிட்டார். அந்தக் குறி யோசனை அவருடையது, நான் சொல்லிக் கொடுத்ததில்லை. வாய்விட்டுச் சொல்வதை இப்போது எல்லாருக்கும் பழக்குகிறேன். பட்டதாரிகளுக்கும்தான். சொல்லும்போது மனம் வேறெங்கும் போக முடியாது.

எத்தனை நாளில் பயிற்சியை முடிப்பது? பல இடங்களில் 5 நாள் என்று வைத்திருக்கிறார்கள், தினமும் சில மணி நேரம். அது நல்ல தொடக்கம். ஆனால் நான் நாளை எண்ணுவதில்லை. என் உதவியே இல்லாமல், நான் ஒரு வார்த்தையும் பேசாமல், தொடர்ந்து சில முறை சரியாகச் செய்ய வேண்டும், கூடவே நான் திடீரென்று கொடுக்கும் சிக்கலையும் சமாளிக்க வேண்டும். நாலு நாளில் முடித்தவரும் உண்டு, மூன்று வாரம் எடுத்துக்கொண்டவரும் உண்டு. மூன்று வாரம் எடுத்தவருக்கு ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தொற்று வரவில்லை. வேகமாகக் கற்றவர் நன்றாகச் செய்வார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் சொல்லித் தர வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். நாலு பேரை உட்கார வைத்தால் தயங்குகிறவர் வாயே திறக்க மாட்டார்.

நான் கொடுக்கும் சிக்கல்களில் முதன்மையானது கலங்கிய பை. வடித்த திரவம் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். பையை அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். எழுத்து தெளிவாகத் தெரியாவிட்டால் கலங்கல். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கலங்கல் என்றால் அப்போதே அழைக்க வேண்டும். காலைவரை காத்திருக்கக் கூடாது. அந்தப் பையைக் கொட்டாமல் கையோடு எடுத்துவர வேண்டும், பரிசோதனைக்கு அதுதான் வேண்டும். வெள்ளையாக நூல் நூலாக மிதந்தால் பெரும்பாலும் அது ஃபைப்ரின் என்ற புரத இழை. ஆனாலும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இளநிறமாகச் சிவந்திருந்தால் பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி அப்படி வருவது உண்டு. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், ஒரு பெண் தனியாக இரவு முழுக்கப் பயந்துகொண்டிருப்பார். இதைச் சொல்லக் கூச்சப்படும் பயிற்சியாளர்களிடம், கூச்சத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, திரவம் வடியாமல் நிற்பது. பதறி அழைப்பார்கள். குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் திறந்திருக்கிறதா, கழிவுப் பை வயிற்றுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். எழுந்து நடக்கச் சொல்வேன், பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வேன். அப்புறம் கேட்கும் கேள்வி: "மலம் கழித்து எத்தனை நாளாச்சு?" குடல் நிரம்பியிருந்தால் குழாயை அழுத்தும், இடம் மாற்றும். மலச்சிக்கல் தொற்றுக்கும் வழிவகுக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மலமிளக்கியைச் சிலர் தேவையில்லாத மாத்திரை என்று நிறுத்திவிடுவார்கள். பி.டி. செய்கிறவருக்கு அது தேவையுள்ள மாத்திரை.

வீரியம் மிகுந்த பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடை, இரத்த அழுத்தம், கால் வீக்கம், எவ்வளவு உள்ளே விட்டோம், எவ்வளவு வந்தது, சிறுநீர் எவ்வளவு என்று தினமும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் எந்தப் பை என்பதை முடிவு செய்கிறோம். சர்க்கரை அதிகமுள்ள பை நீரை அதிகம் இழுக்கும் என்று தெரிந்ததும், "நிறையத் தண்ணீர் குடித்துவிட்டேன், சிவப்புப் பை போட்டுக்கொள்கிறேன்" என்று தானாகவே போடத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி உடம்புக்குள் போகிறது, எடை கூடுகிறது, நீரிழிவு உள்ளவருக்கு இரத்தச் சர்க்கரை ஏறுகிறது, வருடக்கணக்கில் வயிற்று உறையும் பாதிக்கப்படுகிறது. உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், தாகம் குறைந்தால் சிவப்புப் பைக்கு வேலை குறையும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பு வற்றியிருக்கும் நாளில் வழக்கம்போல வீரியமான பை போட்டால் ஆபத்து இன்னொரு பக்கம். அப்போது அழைத்துக் கேட்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, இதை நான் எந்த அவசரத்திலும் விடுவதில்லை. ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைப் பயன்படுத்தினால், சில வகைச் சர்க்கரை மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். எந்த மீட்டர் ஒத்துவரும் என்று சிகிச்சைப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வேறு ஏதாவது காரணத்துக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தாலும், அங்கே இருப்பவர்களிடம் இதை முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் ஓர் அட்டையில் எழுதி, பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

குழாய் வெளிவரும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: இழுபடாமல் ஒட்டி வைக்க வேண்டும், சொன்னபடி கழுவி மருந்து தடவ வேண்டும், காய்ந்த பொருக்கைப் பிய்க்கக் கூடாது, சிவப்போ சீழோ தெரிந்தால் காட்ட வேண்டும். கட்டு பிரிக்கக் கத்தரிக்கோலைக் குழாயின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. ஒரே வெட்டில் குழாய் போய்விடும்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் நான் யாரையும் தொடங்கவிடுவதில்லை. பயிற்சி அறையில் எல்லாம் வசதி. வீட்டில் மேசை ஆடும், பையை மாட்ட ஆணி இருக்காது, விளக்கு தலைக்குப் பின்னால் இருக்கும், தன் நிழலே முனையின் மேல் விழும். தனி அறை வேண்டும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். வேண்டியதில்லை. துடைக்கக்கூடிய மேசை, நல்ல வெளிச்சம், கை கழுவ இடம், அரை மணி நேரம் மூடி வைக்கக்கூடிய கதவு, அவ்வளவுதான். மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலை மூட வேண்டும், முகக்கவசம் போட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் வெளியே. பூனை குழாயைக் கடித்துத் தொற்று வந்தது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. பையை வெதுவெதுப்பாக்க மைக்ரோவேவிலோ வெந்நீரிலோ வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் ஒரே சீராகச் சூடாகாது, உள்ளே கொதிக்கும் இடம் இருந்தால் வயிறு வெந்துவிடும். வெந்நீரிலிருந்து ஈரத்தோடு கிருமியும் வரும். உலர்ந்த சூடுதான் சரி.

அப்புறம், யாருக்குப் பயிற்சி என்ற கேள்வி. மனைவிக்கோ மகளுக்கோ மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும், நோயாளி சும்மா படுத்திருப்பார் என்று குடும்பங்கள் முடிவு செய்துகொண்டு வரும். கை கால் நன்றாக இருக்கும் நோயாளிக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன் என்று நான் நிற்பேன். துணைக்கு இன்னொருவரும் கற்கட்டும். நாளுக்கு 4 முறை, ஒரு நாள் விடுப்பில்லை, ஒரே ஆளின் தோளில் இதை வைத்தால் ஓராண்டில் அவர் உடைந்துபோவார். கணவருக்காக இரண்டு ஆண்டு ஒரு நாளும் தவறாமல் செய்த ஒரு பெண், என் எதிரே உட்கார்ந்து, "எனக்குக் காய்ச்சல் வரக்கூட நேரமில்லை, சிஸ்டர்" என்று அழுதார். அவரை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு சந்திப்பிலும், நோயாளியிடம் கேட்கும் முன் கூட வந்தவரிடம் "நீங்கள் தூங்குகிறீர்களா?" என்று கேட்கிறேன்.

பயிற்சி ஒருமுறையோடு முடிவதில்லை. மூன்று மாதத்தில் மறுபடி வரவழைத்து, என் எதிரே ஒருமுறை செய்யச் சொல்கிறேன். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. தொற்று வந்தாலும், மருத்துவமனையில் படுத்து எழுந்தாலும், பார்வையோ கையோ மாறினாலும் மறுபடி. மூன்றாம் மாதம் எல்லாருக்கும் ஒரு குறுக்குவழி வந்திருக்கும். ஒருவர் முகக்கவசத்தை விட்டிருப்பார், ஒருவர் ஐந்து எண்ணாமல் இரண்டு எண்ணுவார். "எங்கே தப்பு செய்கிறீர்கள் பார்ப்போம்" என்று அழைத்தால் வரமாட்டார்கள். "நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று புதியவருக்குக் காட்டுங்கள்" என்று அழைக்கிறேன். வருகிறார்கள், சொல்லிக்கொண்டே செய்யும்போது விட்ட படி அவர்களுக்கே நினைவுக்கு வந்துவிடும்.

சர்வதேச பெரிடோனியல் டயாலிசிஸ் சங்கம் 2022இல் வைத்த இலக்கு, ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.40 தொற்றுக்கு மேல் போகக் கூடாது என்பது. அதாவது இரண்டரை ஆண்டுக்கு ஒன்று. எங்கள் பிரிவில் ஒவ்வொரு தொற்றையும் எழுதி வைக்கிறோம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி: 'முனை பட்டதாக அழைத்தவை'. முதல் பத்தி குறைய வேண்டும் என்று எல்லாரும் பார்ப்பார்கள். நான் இரண்டாவதைப் பார்ப்பேன். ஒரு மாதம் அதில் ஒன்றுமே இல்லை என்றால் எனக்குக் கவலை. எல்லாரும் கவனமாக இருக்கிறார்களா, அல்லது யாராவது பயந்துகொண்டிருக்கிறார்களா? அந்த மாதம் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்கிறேன்.

போன மாதம் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு. அந்தப் பாட்டிதான்.

"முனை பட்டுடுச்சு, சிஸ்டர். இன்னும் திறக்கலை. மூடி போட்டுட்டேன்."

"சொன்னது நல்லதாப் போச்சு, பாட்டி. எதுல பட்டுச்சு?"

"என் புடவைத் தலைப்புல. பேரன் எழுந்து வந்து கூப்பிட்டான், திரும்பிட்டேன்."

கிளாம்ப் மூடியிருந்ததா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "மூடினேன், பார்த்தேன்" என்றார். இரவு பை மாற்றாமல் அப்படியே தூங்கச் சொன்னேன். காலை எட்டு மணிக்குப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளிக்குழாயை மாற்றினேன், வடித்துப் பார்த்தோம், திரவம் தெளிவாக இருந்தது. காகிதத்தின் மேல் பையை வைத்து, பேரனை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். அவன் முழு வரியையும் படித்து முடித்த பிறகுதான் எழுந்து கிளம்பினார்.